பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் தொடங்கும் கைநோ

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் பிள்ளை பெற்று இரண்டு மூன்று மாதமான பெண் ஒருத்தி, "காலமை எழும்பினால் விரல் மடக்க ஏலாமக் கிடக்கு" என்று சொல்லட்டும். பதில்கள் வரிசையாக வரும். தண்ணிக்குள்ள கையை வைச்சிருப்பாய். மூலிகை அவிச்ச வேது ஒழுங்காக வார்க்கேல்லை. பெத்தவளுக்கெண்டு காய்ச்சின சரக்குக்கறியைக் கண்டால் முகத்தைச் சுளிச்சாய். முப்பத்தொன்றாம் நாள் கழிய முதலே கூட்டித் துடைக்க வெளிக்கிட்டாய். சொல்பவர்கள் எல்லோரும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் கேட்டு முடிக்கிறபோது நோ வந்தவளே அந்த நோவுக்குப் பொறுப்பாளி ஆகிவிடுகிறாள். பக்கத்தில் நிற்கிற தாய்க்கும் "நான் சரியாகப் பார்க்கேல்லையோ" என்று மனம் குமையும்.

அதே பெண் நாற்பத்தெட்டு வயதில் அதே நோவைச் சொன்னால் பதில் மாறும். "நிக்கிற வயசுதானே, ஹோர்மோன் மாறுது." அதோடு கதை முடிந்துவிடும்.

இந்த இரண்டு பதிலிலும் உள்ள கவனிப்பில் பிழையில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும், மாதவிடாய் நிற்கிற காலத்திலும் பெண்களின் மூட்டுகள் வீங்கி நோகத் தொடங்குவதை எங்கள் அம்மம்மாக்கள் கண்ணால் கண்டு சொன்னார்கள். மருத்துவ ஆய்வும் அந்தக் காலங்களைத்தான் காட்டுகிறது. பிழை அதற்கு அடுத்த அடியில் இருக்கிறது. "ஆகவே பொறுத்துக்கொள்" என்கிற அடி. ஹோர்மோன் மாறுகிற காலத்தில் மூட்டு வீங்கினால் காத்திருக்காமல் போய்க் காட்டவேண்டும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் தங்கச்சிக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் வருவதற்கு முன்னமே காலையில் கை விறைப்பு இருந்தது. பெரிதாக யாருக்கும் சொல்லவில்லை. கர்ப்பமாகி ஐந்தாம் மாதமளவில் அது இல்லாமலே போய்விட்டது. "இந்தப் பிள்ளை வந்த நேரம் எனக்கு உடம்பு நல்லாயிருக்கு அக்கா" என்று சந்தோசமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பிள்ளை பிறந்து மூன்றாம் மாதம் அது திரும்பி வந்தது, முன்னரைவிடப் பல மடங்காக. இரண்டு கையிலும் விரல் மொழிகள் வீங்கின. இடியப்ப உரலைப் பிழியக் கை கொடுக்கவில்லை. தேங்காய் திருவ ஏலாது. பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் போடுகிற வேலையை மனுசனிடம் விட்டாள். பாலுக்கு அழுகிற பிள்ளையைத் தூக்க மணிக்கட்டு விடவில்லை என்று எத்தனையோ இரவு அழுதிருக்கிறாள்.

முதலில் காட்டிய தனியார் இடத்தில் நோக்குளிசை எழுதி, "பால் குடுக்கிற தாய்மாருக்கு இது வழமை" என்று அனுப்பிவிட்டார்கள். குளிசை முடிய நோ திரும்ப வந்தது. பிறகு வேறொரு டொக்டரிடம் போனோம். அவர் விரல்களின் அடிமொழிகள் நான்கையும் பக்கவாட்டில் சேர்த்து மெல்ல அழுத்தினார். இவள் கத்திவிட்டாள். "காலமை விறைப்பு இளக எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டார். "பத்து மணியாகும் சேர்" என்றாள். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னை இந்த விசயத்தைத் தேடித் தேடி வாசிக்க வைத்தது. "பிள்ளை வயித்தில இருக்கேக்க எப்பிடி இருந்தது?"

இரத்தப் பரிசோதனைகள் வந்தன. ருமற்றொயிட் மூட்டுவாதம்.

நோய் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பின் மூட்டுச் சவ்வையே எதிரியாக எடுத்துத் தாக்குவதால் வருவது இது. வயது போக மூட்டு தேய்வதால் வருகிற நோ வேறு. ருமற்றொயிட் பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. எந்த வயதிலும் வரலாம் என்றாலும், பெண்களில் அது தலையெடுக்கிற காலங்களைப் பார்த்தால் பிள்ளைப்பேற்றுக்குப் பிந்திய மாதங்களும், மாதவிடாய் நிற்கிற வயதும் தனியாகத் தெரியும்.

டொக்டர் கேட்ட அந்தக் கேள்விக்குப் பின்னால் கிட்டத்தட்ட நூறு வருடக் கதை ஒன்று இருக்கிறது. எனக்கு அது மிகப் பிடித்த கதை, ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

1929 ஏப்ரலில் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவரிடம் 65 வயது நோயாளி ஒருவர் வந்தார். அவரும் ஒரு மருத்துவர்தான். தனக்குச் செங்கண்மாரி (மஞ்சள் காமாலை) வந்த மறுநாளே மூட்டு நோ குறையத் தொடங்கிவிட்டது என்றார். செங்கண்மாரி மாறிய பிறகும் மாதக்கணக்கில் நோ திரும்பவில்லை. ஹென்ச் இதைத் தற்செயல் என்று விட்டுவிடவில்லை. இப்படி வேறு யாரும் இருக்கிறார்களா என்று குறித்து வைக்கத் தொடங்கினார். இருந்தார்கள். பிறகு அதேபோல, கர்ப்பமான பெண்களுக்கும் மூட்டு நோ அடங்குவதையும் பிள்ளை பிறந்தபின் திரும்புவதையும் கவனித்து 1938 இல் எழுதினார். செங்கண்மாரி ஆணுக்கும் வருகிறது, கர்ப்பம் பெண்ணுக்கு மட்டும் வருகிறது. இரண்டிலும் நோ அடங்குகிறது என்றால், இரண்டு நிலையிலும் உடம்பில் கூடுகிற ஏதோ ஒரு பொருள் இருக்கவேண்டும் என்று அவர் யோசித்தார். பெயர் தெரியாத அந்தப் பொருளுக்கு எக்ஸ் என்று பெயர் வைத்தார்.

அதே மாயோ கிளினிக்கில் எட்வேட் கெண்டல் என்ற இரசாயனவியலாளர் இருந்தார். 1914 நத்தார் நாளில் தைரொயிட் சுரப்பியிலிருந்து தைரொக்சினைப் பிரித்தெடுத்தவர் அவர்தான். 1930களில் மாட்டின் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அதிரீனல் சுரப்பிகளிலிருந்து ஒவ்வொரு ஹோர்மோனாகப் பிரித்து ஏ, பி என்று எழுத்திட்டுக்கொண்டிருந்தார். அவற்றில் ஈ என்று குறித்ததை மூட்டுவாத நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்க இருவருக்கும் ஆசை. கொடுக்கப் போதிய அளவு மருந்து இல்லை. 1948 செப்ரெம்பரில் ஒருவாறு கொஞ்சம் கிடைத்தது. 29 வயதுப் பெண்ணொருத்தி, வருடக்கணக்காக இந்த நோயோடு படுக்கையில் புரளவே கஷ்டப்பட்டவள், செப்ரெம்பர் 21 இல் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டாள். சில நாளில் எழும்பி நடந்தாள். ஈ என்று குறித்த அந்தப் பொருள்தான் கோட்டிசோன். 1950 இல் ஹென்ச், கெண்டல், அதே சுரப்பியில் சுவிற்சர்லாந்தில் வேலை செய்த ததேயுஸ் ரைக்ஸ்ரைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு மருத்துவர் தன் நோயாளிப் பெண்கள் சொன்னதை நம்பிக் கேட்டு எழுதி வைத்ததிலிருந்தும் பிறந்தது இந்த மருந்து. "கர்ப்பத்தில் சுகமாக இருந்தது" என்று ஒருத்தி சொல்வது நோயின் அடையாளம், அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தேவையில்லை.

கர்ப்பத்தில் நடப்பது ஒரே ஒரு ஹோர்மோனின் வேலை மட்டும் இல்லை என்று இன்று தெரியும். கோட்டிசோனுக்கு நெருங்கிய உறவான, உடம்பே சுரக்கிற கோட்டிசோல் கூடுகிறது. பெண் ஹோர்மோன்களான ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்ட்ரோனும் மற்ற எந்தக் காலத்திலும் இல்லாத உயரத்துக்குப் போகின்றன. வயிற்றுப் பிள்ளையின் பாதி தகப்பனுடையது. தாயின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியமாக எண்ணித் தாக்காமலிருக்கத் தன் சீற்றத்தை அடக்கவேண்டியிருக்கிறது. அந்த அடக்கத்தில் மூட்டும் ஆறுதலடைகிறது. இந்த நோயுள்ள பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்காவது கர்ப்பத்தில் நோ குறைகிறது. பிள்ளை பிறந்ததும் அந்த ஹோர்மோன்கள் சில நாட்களுக்குள் சரிந்து விழுகின்றன. பால் சுரக்க வைக்கும் புரோலக்டின் மேலே நிற்கிறது. அது எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் குணமுள்ளது. பேற்றுக்குப் பின் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் நோ திரும்புவதும், சிலருக்கு முதன்முதலாக நோயே அப்போது தொடங்குவதும் இதனால்தான் என்று கருதுகிறார்கள். தண்ணிக்குள் கை வைத்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

இதைக் கேட்டுவிட்டு "அப்ப பாலை நிப்பாட்டினால் சரிதானே" என்று யாரும் முடிவெடுக்கக்கூடாது. நீண்ட காலக் கணக்கு வேறு மாதிரி. சுவீடனில் மால்மோ நகரப் பெண்களிடையே நடந்த ஆய்வில், தன் வாழ்நாளில் மொத்தம் 13 மாதமோ அதற்கு மேலோ பால் கொடுத்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு, கொடுக்காதவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகத்தான் இருந்தது. நோயுள்ள தாயும் பால் கொடுக்கலாம். அதற்கு ஒத்துப்போகிற மருந்துகள் இருக்கின்றன. எந்த மருந்து என்பதை மட்டும் டொக்டர் தெரிவு செய்யவேண்டும்.

காலை விறைப்புக்கும் ஹோர்மோன்தான் காரணம் சொல்கிறது. இது எனக்கு மிகவும் உதவிய விளக்கம், ஏனென்றால் தங்கச்சியைப் பார்த்து "விடிய எழும்பப் பஞ்சிப்படுகிறாள்" என்று வீட்டிலேயே ஒரு குரல் இருந்தது. அழற்சியைக் கிளப்பும் சைற்றோகைன் என்ற பொருட்கள் இரவில் கூடி விடியப்புறம் உச்சத்துக்கு வருகின்றன. சுகதேகியின் உடம்பில் அதே நேரத்தில் கோட்டிசோல் ஏறி அவற்றை அடக்கிவிடும். ருமற்றொயிட் உள்ளவர்களிலும் கோட்டிசோல் ஏறத்தான் செய்கிறது, ஆனால் மூட்டில் எரிகிற அழற்சியின் அளவுக்கு அது காணாது. அதனால்தான் புட்டுக்கு மாக் குழைக்கவேண்டிய ஐந்தரை மணிக்கு விரல் மடங்காது, பத்து மணிக்கு மெல்ல இளகும். இந்த ஒழுங்கைக் கணக்கிலெடுத்து, இரவில் விழுங்கினால் அதிகாலை இரண்டு மணியளவில் கரைகிற பிரெட்னிசோன் குளிசைகூட மேற்கு நாடுகளில் செய்திருக்கிறார்கள்.

கோட்டிசோன், பிரெட்னிசோன் போன்ற ஸ்டெரொயிட் மருந்துகள் என்று வந்தபடியால் இதைச் சொல்லாமல் போகமுடியாது. கோட்டிசோன் கொண்டாடப்பட்ட கொஞ்ச நாளிலேயே அதன் மறுபக்கம் தெரிந்துவிட்டது. முகம் ஊதும், சீனி கூடும், எலும்பு மெலியும், மனநிலை குழம்பும், நிறுத்தினால் நோ திரும்பும். சலரோகம் இவ்வளவு மலிந்த எங்கள் பகுதியில் இது சின்ன விசயமில்லை. குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, டொக்டரின் கண்காணிப்பில் அது நல்ல மருந்து. பேர் ஊர் இல்லாத பொட்டலத்தில் வருகிற "வாதத் தூள்" தின்று இரண்டே நாளில் நோ பறந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்குப் பயம்தான் வரும். அப்படியான தூள்களில் ஸ்டெரொயிட் கலந்திருப்பது தெற்காசியாவில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டது. கைதடியில் முறையாகச் சித்த மருத்துவம் படித்து வெளிவருகிற வைத்தியர்களை நான் இதில் சேர்க்கவில்லை, அவர்களே இதை எச்சரிப்பார்கள். இன்னொன்று: மாதக்கணக்கில் ஸ்டெரொயிட் எடுத்தவர் அதைத் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தானாகக் கோட்டிசோல் சுரப்பதை மறந்துபோயிருக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். மெல்ல மெல்லக் குறைக்கத்தான் வேண்டும்.

சரி, மாதவிடாய் நிற்கிற வயதுக்கு வருவோம். ஈஸ்ட்ரஜன்தான் பெண்களுக்கு இந்த நோயைக் கூட்டுகிறது என்றால், அது வற்றுகிற வயதில் நோய் குறையவேண்டுமே? நடப்பது மறுபக்கம். நேரத்தோடு, அதாவது வழமைக்கு முந்தி மாதவிடாய் நின்றவர்களுக்கு வாய்ப்புக் கூடுதல் என்று பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஈஸ்ட்ரஜனுக்கு இரண்டு முகம் இருக்கிறது. குறைந்த அளவில் அது எதிர்ப்பொருள் சுரக்கும் கலங்களை உற்சாகப்படுத்தும், கர்ப்பத்தில் இருப்பதுபோல மிகக் கூடிய அளவில் அழற்சியை அடக்கும். இருந்த அளவிலிருந்து சட்டென்று விழுவதும் உடம்புக்கு ஒரு அதிர்ச்சி. மார்புப் புற்றுநோய்க்கு ஈஸ்ட்ரஜனை ஒடுக்குகிற அனஸ்ட்ரசோல், லெற்றசோல் எடுக்கிற பெண்களுக்கு மூட்டு நோவும் விறைப்பும் வருவது எல்லா டொக்டர்மாருக்கும் பழக்கமான பக்கவிளைவு.

அப்படியானால் ஹோர்மோன் மாத்திரை கொடுத்து மாற்றலாமே என்ற கேள்வி வரும். கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹோர்மோன் கொடுத்து அமெரிக்காவில் நடத்திய மிகப் பெரிய பரிசோதனையில், ருமற்றொயிட் வருவதை அது தெளிவாகத் தடுக்கவில்லை. 1978 இல் பிரித்தானியாவில் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு நோய் பாதியாகக் குறைந்தது என்று ஒரு செய்தி வந்து பரபரப்பானது. பின்வந்த ஆய்வுகள் அதற்கு ஒத்து வரவில்லை. ஆகவே ஹோர்மோன் இந்த நோய்க்கு மருந்தில்லை. ஹோர்மோன் சாதகமான நேரத்தையும் பாதகமான நேரத்தையும் உண்டாக்குகிறது. நோய்க்கு வேர் மரபணுவிலும், புகையிலும், இன்னும் பலவற்றிலும் இருக்கிறது. புகைத்தல் இதில் நன்றாக நிரூபிக்கப்பட்ட காரணம். சுருட்டு என்றாலும் புகை புகைதான்.

தைரொயிட்டை ஒரு பந்தியில் சொல்லிவிடுகிறேன். தன் உடம்பையே தாக்குகிற நோய்கள் ஒன்றோடொன்று கூடி வருவது வழக்கம். ருமற்றொயிட் உள்ளவர்களுக்குத் தைரொயிட் சுரப்பியைத் தாக்கும் நோயும் மற்றவர்களைவிட அதிகம். தைரொயிட் குறைந்தாலே களைப்பு, மூட்டு நோ, கை விறைப்பு எல்லாம் வரும். அதனால் கிளினிக்கில் அந்தச் சோதனையையும் எழுதித் தந்தால் செய்துவிடுங்கள். ஆண்களில், டெஸ்ரொஸ்ரெரோன் குறைவாக இருப்பது இந்த நோயோடு சேர்ந்து காணப்படுகிறது. ஆணுக்கு வராது என்று இருக்கவேண்டாம்.

மனக்காயமும் இதில் சேர்கிறது. அமெரிக்கத் தாதியரிடையே நீண்டகாலம் நடந்த ஆய்வொன்றில், பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சலின் அறிகுறிகள் அதிகமாக உள்ளவர்களுக்கு ருமற்றொயிட் வரும் வாய்ப்பும் அதிகமாக இருந்தது. கோட்டிசோலைச் சுரக்க வைக்கிற மூளை, அதிரீனல் வழி ஓயாத பயத்தில் குழம்பிப்போவது அதற்குச் சொல்லப்படுகிற காரணங்களில் ஒன்று. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள் வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் நடந்தபோது இடுப்பில் பிள்ளையோடு போன தாய்மார் இன்று அறுபது, எழுபது வயதில் இருக்கிறார்கள். அவர்கள் மூட்டைப் பிடித்துக்கொண்டு கிளினிக் வாங்கில் இருக்கிறபோது, "வயசு போச்சு" என்பதற்கு மேல் ஒரு கேள்வியாவது அவர்களைக் கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

எங்களுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. 2006 கடைசியில், யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை போரால் மூடிக்கிடந்த காலத்தில், சிக்குன்குனியா யாழ்ப்பாணத்தில் வீடு வீடாக அடித்தது. காய்ச்சல் போய் மாதக்கணக்கில் மூட்டு நோ நின்று, பிறகு பெரும்பாலானோருக்குத் தானாகப் போனது. மூட்டு நோ என்றால் பொறுத்தால் போய்விடும் என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறைக்கு அதிலிருந்து ஊறிவிட்டது. ருமற்றொயிட் அப்படிப் போகாது. தொடங்கி முதல் மூன்று, ஆறு மாதத்துக்குள் சரியான மருந்து போனால்தான் எலும்பு அரிபடாமல் காப்பாற்றுகிற வாய்ப்பு அதிகம். கோணின விரலை மருந்து நிமிர்த்தாது.

ஆகவே பார்க்கவேண்டியது இவ்வளவுதான். இரண்டு கையிலும் ஒரே இடத்தில் வீக்கம். விரலின் நுனி மொழியில் என்றால் பெரும்பாலும் தேய்வு, அடி மொழியிலும் நடு மொழியிலும் என்றால் சந்தேகப்படவேண்டும். காலை விறைப்பு அரை மணி, ஒரு மணிக்கு மேல் நிற்பது. ஆறு கிழமை தாண்டியும் மாறாதது. இலங்கையில் பிள்ளை பெற்ற வீட்டுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் தேடி வருகிறார், வேறு பல நாடுகளில் இல்லாத வசதி இது. அவர் பிள்ளையின் நிறையைப் பார்க்கிறபோது தாய் தன் கையையும் நீட்டிக் காட்டவேண்டும். 35 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. பிரஷரும் சீனியும் பார்க்கிறபோது மூட்டையும் சொல்லுங்கள். அங்கிருந்து யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் தருவார்கள், காசு கட்டத் தேவையில்லை.

தங்கச்சிக்கு மெதோட்ரெக்சேற் கொடுத்தார்கள், பிள்ளை பால் மறந்த பிறகு. அது கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுக்கிற மருந்து. நாளாந்தம் எடுத்தால் உயிராபத்து, அதனால் வீட்டில் எல்லோருக்கும் அந்த நாள் தெரிந்திருக்கவேண்டும். அவளுடைய நாள் வெள்ளிக்கிழமை, போலிக் அசிட் வேறு நாளில். இப்போது தேங்காய் திருவுகிறாள், பிள்ளையைத் தூக்குகிறாள், மழைக்காலத்தில் சில நாள் நோகிறது. இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் சில மாதத்துக்கு முன்னமே சொல்லவேண்டும் என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கர்ப்பத்தில் அந்த மருந்து பிள்ளைக்குக் கூடாது.

எங்கள் ஒழுங்கையில் இன்னொரு பிள்ளைக்கும் இதே நோய். அவள் அப்படி முன்கூட்டியே சொல்லி மருந்தை மாற்றி, இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. ஹைட்ரொக்சிகுளோரோகுயினும் சல்பசலசினும் எடுக்கிறாள், அவை கர்ப்பத்தில் எடுக்கக்கூடியவை. போன முறை கிளினிக்குக்குத் துணைக்கு நானும் போனேன். அவளுடைய அம்மா தயங்கித் தயங்கி, "சேர், சரக்குக்கறி குடுக்கலாமோ? வேது வார்க்கலாமோ?" என்று கேட்டார்.

"ரெண்டையும் செய்யுங்கோ அம்மா. கடைத் தூள், லேகியம் மட்டும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே டொக்டர் கிளினிக் கொப்பியை இழுத்து, பிள்ளை பிறக்கிற திகதியிலிருந்து ஆறு கிழமை எண்ணி ஒரு நாளைக் குறித்தார். "நோ இருந்தாலும் இல்லாட்டிலும் அண்டைக்கு இவ இஞ்ச வரவேணும்."

"அதுக்கு முதல் கை வீங்கினால் சேர்?"

"அடுத்த நாளே கூட்டிக்கொண்டு வாங்கோ."